சாக்பீஸில் ஒரு சமையலறை: கோத்தகிரி மரப்பட்டறை அனுபவம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், அரவேணு வருவதற்கு முன்னால், இடது பக்கம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பள்ளத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அங்கே தகரக் கூரை போட்ட மரப்பட்டறை ஒன்று இருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது. ‘மர வேளைகள் செய்து தரப்படும்’ என்று ஒரு பலகை மட்டும் தொங்குகிறது. முப்பத்தொரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு அந்த ‘ளை’யைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. இப்போது அந்தப் பிழை மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

இந்தப் பட்டறைக்காரரிடம்தான் என் சமையலறையைச் செய்துகொண்டேன். மேடைக்குக் கீழே நான்கு அலமாரி, மூலையில் ஒன்று, ஐந்து டிராயர், மேலே லாஃப்ட், அடுப்போரம் ஒரு மாவுப் பெட்டி. ஐந்து வாரம் என்று சொன்னார், ஒன்பது வாரம் ஆனது. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று தேதி குறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். அதிலும், “கற்பனை பண்ணிப் பாருங்க” என்று யாராவது சொன்னால் திருதிருவென்று முழிக்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டும். நான் அந்தக் கூட்டம்.

இது எனக்கு இரண்டாவது சமையலறை. முதலாவதை மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு கம்பெனி போட்டது. பெயர் வேண்டாம். இரண்டு பையன்கள் லேப்டாப்போடு வந்தார்கள், நாலு சுவரையும் அளந்தார்கள், அடுத்த வாரம் படம் அனுப்பினார்கள். என்ன படம் அது! ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது. மேடை மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஆப்பிள். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நவம்பரில் மேகம்தான் வரும், வெயில் வராது. சரி, படம்தானே என்று விட்டுவிட்டேன். “ஓகேவா மேடம்?” என்றார்கள். நல்லா இருக்கே என்றேன். நல்லாத்தான் இருந்தது.

வேலை முடிந்து முதல் நாள் காலையில் பிரிட்ஜைத் திறந்தேன். சிங்க்குக்குக் கீழே இருந்த கதவு திறக்கவில்லை. அதைத் திறந்தால் பிரிட்ஜ் திறக்கவில்லை. மூலை அலமாரிக்குள் கையை விட்டால் தோள் வரைக்கும் போகும், பாத்திரம் அகப்படாது. சிலிண்டரை மாற்ற ஒரு கதவைக் கழற்றி மாட்டவேண்டும். கூப்பிட்டுச் சொன்னேன். “படத்துலயே இருந்துச்சே மேடம், நீங்கதான ஓகே பண்ணீங்க” என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். திரும்ப எடுத்துப் பார்த்தேன். படத்தில் எல்லாக் கதவும் மூடியிருந்தது.

படம் பார்த்தால் மறக்காது என்பார்களே, அது சரிதான். லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் 1973ல் ஐந்து நாளில் 10,000 படங்களைக் காட்டிவிட்டு, எது பார்த்த படம், எது புதுப் படம் என்று கேட்டார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். எனக்கும் அந்தக் கம்பெனியின் கேட்டலாகை இன்றைக்கு நீட்டினால், இதைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை என்று பிரித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் பார்த்ததை அடையாளம் சொல்வது ஒன்று, அந்தக் கதவு திறந்தால் எதில் இடிக்கும் என்று தெரிவது இன்னொன்று. இரண்டாவது எனக்குப் படத்திலிருந்து வரவே வராது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு மனக்கண் கிடையாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் இருட்டு, அவ்வளவுதான். அம்மாவுக்கு வலது புருவத்துக்கு மேல் ஒரு அம்மைத் தழும்பு உண்டு என்று எனக்குத் தெரியும். சொல்லத் தெரியும். பார்க்க முடியாது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ‘இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது’ என்று ஒருவர் சொன்னால் அது ‘வயிற்றில் பாலை வார்த்தது’ மாதிரி ஒரு பேச்சு என்று எடுத்துக்கொள்வேன். யாரும் யார் வயிற்றிலும் பாலை ஊற்றுவதில்லையே! வகுப்பில் செய்யுள் நடத்தும்போது, “இந்தக் காட்சியை மனக்கண்ணில் கொண்டு வாங்க பிள்ளைகளா” என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கண்ணை மூடுவார்கள். மார்க்குக்காக நடிக்கிறதுகள் என்று நினைத்துக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான் ஒரு நாள் போனில் கேட்டாள். “அம்மா, நம்ம பழைய வீட்டுத் திண்ணைய நினைச்சுப் பாரு. எவ்வளவு தெளிவாத் தெரியுது?”

“தெரியறதுன்னா?”

“தெரியறதும்மா. படம் மாதிரி.”

“யாருக்குடி படம் மாதிரி தெரியும்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவளே விவரம் எல்லாம் படித்துச் சொன்னாள். இதற்கு அஃபாண்டேசியா என்று பெயராம். 2015ல் ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். பெயர்தான் புதுசு, சங்கதி பழசு. 1880லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காலையில் சாப்பிட உட்கார்ந்த மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சம் எப்படி, நிறம் எப்படி என்று பலரைக் கேட்டிருக்கிறார். அவர் முதலில் கேட்டது விஞ்ஞானிகளை. அவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே நம்பவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். நானும் அப்படித்தான் பதில் போட்டிருப்பேன்.

இதெல்லாம் மரவேலை விமர்சனத்தில் எதற்கு என்றால், இந்தத் தச்சர் என்னை எப்படிக் கையாண்டார் என்பதுதான் இந்த விமர்சனமே.

முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டேன். “தம்பி, எனக்குக் கற்பனை பண்ணிப் பாக்கத் தெரியாது. படம் பாத்தும் ஏமாந்துட்டேன். ரெண்டும் வேண்டாம்.” நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “பாக்க வேண்டாம் டீச்சர், சொல்லுங்க. காலைல எந்திரிச்சதுலேருந்து இந்த ரூமுக்குள்ள என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

சொல்வதற்கா எனக்குச் சொல்லித் தரவேண்டும்! லைட்டைப் போடுவேன். தேங்காய் எண்ணெய் கல்லு மாதிரி உறைந்திருக்கும், பாட்டிலை அடுப்போரம் நகர்த்துவேன். பாலைக் காய்ச்சுவேன். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பின்னடுப்புக்கு மாற்றுவேன். அப்புறம் மாவு. மலையில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை: மார்கழி, தை மாதத்தில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. முந்தின நாள் மத்தியானமே ஆட்டி, வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்க்கவேண்டும்.

“எங்க வைப்பீங்க?”

“அடுப்புக்குப் பக்கத்துல, தரையில.”

“தூக்கறப்பக் குனியணும்ல?”

“குனியணும். இடுப்பு விட்டுப்போகுது.”

நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘மாவு. அடுப்போரம். குனியக் கூடாது.’ லேப்டாப் பையன்கள் கேட்காத கேள்வி இது. சுவரை அளந்தவர்கள் மாவைக் கேட்கவில்லை. இப்போது அடுப்புச் சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில், கதவோடு ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்வெட்டருக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த நோட்டில் பொருள்களின் பெயரும் செய்கிற வேலையும்தான் இருந்தன. நான் ஒரு இடத்தில், “கொஞ்சம் விசாலமா, எடுப்பா இருக்கணும் தம்பி” என்றேன். பென்சில் அப்படியே நின்றுவிட்டது. “விசாலம்னா என்ன டீச்சர்?” என்ன சொல்வது? யோசித்து, “குக்கரை இறக்கி வெச்சுட்டு, பக்கத்துல முறத்தையும் வைக்கிற அளவுக்கு” என்றேன். “அப்படிச் சொல்லுங்க” என்று முறத்தை வாங்கி அளந்தார். நோட்டில் விசாலம் ஏறவில்லை, முறம் ஏறியது.

மகள் அனுப்பிய கட்டுரைகளில் ஆலன் பைவியோ என்ற கனடாக்காரர் வருகிறார். (1948ல் ‘மிஸ்டர் கனடா’ பட்டம் வாங்கிய உடற்கட்டு வீரரும் அவர்தானாம். உளவியல் பேராசிரியருக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.) 1971ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: தெரிந்த விஷயத்தை மனசு இரண்டு விதமாகப் பதிந்துவைக்கிறது, ஒன்று சொல்லாக, ஒன்று படமாக. இரண்டும் தனித்தனி, ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்றது எழும்பும். முறம், குக்கர், ஏணி என்று தொட்டுப் பார்க்கக்கூடிய சொற்களுக்கு இரண்டு பதிவும் விழும். நியாயம், வசதி, விசாலம் மாதிரிச் சொற்களுக்குப் பெரும்பாலும் சொல் பதிவு மட்டும்தான். முதல் வகைச் சொற்கள் ஞாபகத்தில் நன்றாக நிற்பதற்கு அவர் சொன்ன காரணம் அது. தச்சருக்கு பைவியோவைத் தெரியாது. ஆனால் ‘விசாலம்’ என்ற சொல்லை வைத்து ஒரு பலகைகூட அறுக்க முடியாது என்று தெரிந்திருக்கிறது.

சரி, எனக்குத்தான் படப் பதிவே கிடையாதே, முறம் என்ற சொல் மட்டும் எப்படி நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு நானே கண்டுபிடித்த பதில் கொஞ்சம் தள்ளி வருகிறது.

அடுத்த வாரம் பழைய அலமாரிகளைப் பெயர்த்து வெளியே போட்டாயிற்று. எங்களுடையது காவிச் சிமெண்ட் தரை. பத்து அடிக்கு ஏழு அடி. தச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, முழு அளவில், நிஜச் சமையலறை எவ்வளவோ அவ்வளவுக்கே தரையில் வரைந்தார். அலமாரிக்கு நேர்க்கோடு. டிராயரை இழுத்தால் எதுவரை வரும் என்று புள்ளிக்கோடு. கதவுக்குக் கீல் வரும் இடத்தில் அவருடைய உதவிக்காரப் பையன் நூலைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி ஒரு கால்வட்டம். பிரிட்ஜுக்கும் அப்படியே. முடித்ததும் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “எல்லாக் கதவையும் திறந்து வெச்சே வரைஞ்சிருக்கேன் டீச்சர். மூடின கதவுல என்ன இருக்கு?”

அந்த ஒரு வார்த்தைக்கே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம், “இப்பச் சமையல் பண்ணுங்க” என்றார். வாசற்படியில் டீ கிளாஸோடு நின்ற வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. நான் விடவில்லை. காலிக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சாக்பீஸ் அடுப்பிலிருந்து சாக்பீஸ் சிங்க்குக்குப் போனேன். அரிசி களைந்தேன். திரும்பினேன். குனிந்து சாக்பீஸ் அலமாரியிலிருந்து தட்டு எடுத்தேன். “அப்படியே நில்லுங்க” என்றார். குனிந்து பார்த்தால் என் குதிகால் பிரிட்ஜ் கதவின் கால்வட்டத்துக்குள் இருந்தது. “இப்ப சார் பால் எடுக்க வந்தார்னா கதவு உங்க முட்டிக்குப் பின்னால இடிக்கும்.” வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மூன்று வருஷமாக அவர் பால் எடுக்க வரும்போதெல்லாம் நான் கத்திக்கொண்டிருந்த காரணம் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. ஈரத்துணியால் ஒரு கோட்டை அழித்து, நான்கு அங்குலம் ஜன்னல் பக்கம் தள்ளி வரைந்தார். திரும்பவும் சமைத்தேன். இடிக்கவில்லை.

உயரத்துக்கும் இதே கதைதான். பையன் ஒரு பலகையைச் சுவரில் ஏற்றி ஏற்றிப் பிடிக்க, எந்த உயரத்தில் எனக்கு எட்டுகிறது, எதற்கு மேல் முனைவிரலில் நிற்கிறேன் என்று பார்த்துச் சுவரில் பென்சில் கோடு. அங்குலத்தில் ஒரு கேள்விகூட என்னிடம் கேட்கவில்லை. அவருக்குள் கணக்கு நூலில்தான் ஓடுகிறது: எட்டு நூல் ஒரு அங்குலம். “ரெண்டு நூல் ஏத்து” என்பார் பையனிடம், பலகை ஒரு மயிரிழை மேலே போகும்.

எல்லாம் நன்றாகப் போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

மசாலா டப்பா டிராயர் அடுப்புக்கு இடது பக்கம் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நோட்டில் ‘மசாலா, இடது’ என்று ஏறியது. பையன் எழுதினான், பட்டறையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் அலமாரிக்கு எது இடதோ அந்தப் பக்கம் அறுத்துவிட்டான். எனக்கு அது வலது. ஒரு பலகை வீண், ஐந்து நாள் வீண். தச்சர் பையனைத் திட்டவில்லை, என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் இருந்த ‘இடது’, ‘வலது’ அத்தனையையும் அடித்துவிட்டு, ‘ரோட்டுப் பக்கம்’, ‘தேயிலைப் பக்கம்’ என்று எழுதினார். எங்கள் சமையலறைக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தேயிலை நகராது. அன்றிலிருந்து ஒரு பிழை கிடையாது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே நான் அடித்துத் திருத்தியதும் அதனால்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு என் ‘இடது’ என்ன ஆகும்?

நம் ஊர்ப்பக்கம் இது புதிதும் இல்லை. எங்கள் பாட்டி, “அந்தச் செம்ப மேக்கால தள்ளி வை” என்பாள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் மதுரைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களிடம் இதையே ஆராய்ந்திருக்கிறார். கிராமத்து ஆட்கள் மேசை மேல் இருக்கும் சின்னப் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு என்று சொல்ல, நகரத்து ஆட்கள் இடது, வலது என்றார்களாம். ஒரே தமிழ்தான், ஆனால் இடத்தைப் பிடித்துவைக்கும் கொக்கி வேறு. முதல் கம்பெனியில் படம் என்னை ஏமாற்றியது. இங்கே ஒரு சொல் ஏமாற்றியது. அந்தச் சொல் என்னுடையது என்பதால் நான் ரொம்பச் சத்தம் போடவில்லை.

மூலை அலமாரியைச் செய்யும்போது பட்டறைக்கே போய் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, தகரத்தில் ஒரே இரைச்சல். அவருடைய அப்பா தேயிலைப் பெட்டி அடித்தவர். ஃபேக்டரிகள் பிளைவுட் பெட்டியிலிருந்து காகிதச் சாக்குக்கு மாறியதும் அந்தத் தொழில் போய்விட்டது. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது, ஓரத்தில் தகரப் பட்டையோடு. அதன் மேல்தான் உட்கார வைத்தார். எல் வடிவத்தில் ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசையவில்லை. கை மட்டும் மெதுவாகக் கவிழ்ந்து நிமிர்ந்தது. “என்ன தம்பி பண்றீங்க?” “திருப்பிப் பாக்கறேன் டீச்சர்.”

அவருக்குள் அந்தத் துண்டு நிஜமாகவே சுற்றுகிறது என்பது எனக்கு அதிசயம்தான். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் என்ற உளவியலாளர்கள் 1971ல் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். கட்டைகளை அடுக்கிய மாதிரி இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா, கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். உருவம் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு நேரம் கூடியது, கோடு போட்ட மாதிரி. வினாடிக்கு ஏறக்குறைய 60 டிகிரி. கையால் திருப்புவது மாதிரியே மனசாலும் திருப்புகிறார்கள் என்று ஆயிற்று. என்னால் முடியாது. நான் ‘நீளக்கை ரோட்டுப் பக்கம், குட்டைக்கை கீழே’ என்று சொல்லிச் சொல்லித்தான் முடிவுக்கு வருவேன். அவரிடம் சொன்னேன். அவர் ஒரு அட்டையை வெட்டி மடித்து என் கையில் கொடுத்தார். திருப்பினேன், புரிந்துவிட்டது. பிறகு அவரே அதை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “எனக்கும் சில சமயம் உள்ள வழுக்கிடும்” என்றார். தன் மனக்கண்ணையே முழுசாக நம்பாத தச்சர்! எனக்கு இவர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனக்கண் இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் தேறமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஸீமன் குழு 2010ல் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு நோயாளி, கட்டட அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதய நாள அடைப்புக்குச் சிகிச்சை எடுத்த பிறகு 65 வயதில் மனப்படம் மொத்தமும் போய்விட்டது. அவருக்கும் இந்தக் கட்டைச் சோதனையைக் கொடுத்தார்கள். விடைகள் சரி. ஆனால் திருப்பம் கூடக்கூட நேரமும் கூடுகிற அந்த ஒழுங்கு அவரிடம் இல்லை. வேறு ஏதோ வழியாகப் போய் அதே ஊரைச் சேர்ந்திருக்கிறார். என்ன வழி என்று நான் ஊகிக்கிறேன்; அவரும் முணுமுணுத்திருப்பார்.

வேலை நடந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் பழைய சமையலறையை ஞாபகத்திலிருந்து ஆளுக்கொரு தாளில் வரைந்து பார்த்தோம். இதுவும் மகள் கிளப்பிவிட்டதுதான். வில்மா பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2021ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், அறைகளின் படத்தைக் காட்டி, மறைத்துவிட்டு, வரையச் சொன்னார்களாம். மனக்கண் இல்லாதவர்கள் பொருள்களைக் குறைவாக வரைந்தார்கள், நிறத்தையும் அதிகம் தொடவில்லை, நிறையப் பேர் வரைவதற்குப் பதில் பெயரை எழுதிவைத்தார்கள். ஆனால் எது எங்கே, எவ்வளவு பெரிசு என்பதில் மற்றவர்களுக்குக் குறையவில்லை. இல்லாத பொருளைச் சேர்த்து வரைந்ததும் அவர்களில் குறைவு.

எங்கள் வீட்டிலும் அச்சு அசல் அதுதான் நடந்தது. அவர் தாளில் அழகான சமையலறை: டம்ளர் அடுக்கு, நீல நிற வாளி, சுவரில் தினசரிக் காலண்டர். அந்தக் காலண்டரை நாங்கள் ஹாலுக்கு மாற்றி நான்கு வருஷம் ஆகிறது. என் தாளில் வெறும் கட்டங்கள், உள்ளே ‘சிங்க்’, ‘அரிசி டின்’, ‘ஆணி (கரண்டி மாட்ட)’ என்று எழுத்து. தச்சர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னுடையதை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். “சாரோடது சட்டம் போட்டு மாட்டலாம். இத வெச்சு வேலை பாக்கலாம்.”

அப்போதுதான் என் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. எனக்குள் படம் இல்லை, ஆனால் இடம் இருக்கிறது. கரெண்ட் போன ராத்திரியில் தீப்பெட்டியை ஒரே நீட்டலில் எடுப்பேன். முறம் என்றால் என் கைக்கு ஒரு அகலமும் ஒரு ஆணியும் தெரியும். பைவியோ சொன்ன இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாமோ என்னமோ. அதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்குள்ளும் ஒத்துப்போவதில்லை. வீட்டுக்காரர் தபால்காரராக இருந்தவர். கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்திலிருந்து இன்ன வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், “இரு, நடந்து பாத்துச் சொல்றேன்” என்று கண்ணை மூடுவார். தூரமான வீடு என்றால் நேரமும் அதிகம். ஸ்டீபன் காஸ்லின் என்ற உளவியலாளர் 1978ல் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைத்து, குடிசையிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து ஏரி என்று மனசுக்குள் போகச் சொல்லி இதையே அளந்தார். உள்ளே நிஜமாகவே படம் போல ஒன்று இருக்கிறது என்பது அவர் கட்சி. ஜெனான் பிலிஷின் அதற்கு முன்பே, 1973லிருந்தே எதிர்க்கட்சி: அடியில் இருப்பது படமும் இல்லை, கண்ணும் இல்லை, தெரிந்து வைத்திருக்கும் செய்திதான், படம் பார்ப்பது போல் இருப்பது மேல்பூச்சு. என் ஓட்டு யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்காரர் காஸ்லின் கட்சி. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பேச்சு கிடைத்தது.

இனி கடை விஷயம். மேடைக்குக் கீழே முழுக்க 710 கிரேடு (தண்ணீரைத் தாங்கும் ரகம்) பிளைவுட், 18 மி.மீ. ஒவ்வொரு ஷீட்டிலும் முத்திரையைக் காட்டிவிட்டுத்தான் அறுத்தார். சில்வர் ஓக்கில் செய்தால் மலிவாகுமே என்று கேட்டேன். தோட்டம் முழுக்க அதுதானே நிற்கிறது. “மேல லாஃப்டுக்குப் போடலாம், சிங்க் பக்கம் நிக்காது” என்று மறுத்துவிட்டார். கீலும் டிராயர் தண்டவாளமும் நல்ல ரகம். கூலியும் பொருளும் சேர்த்து 1,42,000 ரூபாய் ஆனது. முதல் கம்பெனிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஆனால் கணக்கை அவராகத் தரமாட்டார், நாலு தடவை கேட்கவேண்டும். கடைசியில் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார், கூட்டல் சரியாக இருந்தது. போனை எடுக்கமாட்டார். மழை என்றால் பையன் வரமாட்டான், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் மழை இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பாலீஷ் வாடை பத்து நாள் போகவில்லை. அடைமழையில் ஒரு டிராயர் ஊறி இறுகியது. வந்து இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார், அதற்குக் காசு வாங்கவில்லை. லாஃப்ட் கதவு ஒன்று மற்றதைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறது. இதை எழுதுகிற நாள் வரை சரி செய்யவில்லை. வீட்டுக்காரருக்கு அது கண்ணை உறுத்துகிறதாம். எனக்கு நேரில் பார்க்கும்போது மட்டும்தான் தெரியும்.

போகிறவர்கள் இணையத்தில் எடுத்த சமையலறைப் படங்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். முறத்தையும் எடுத்துப் போங்கள். தரையில் டைல்ஸ் போட்டிருந்தால் சாக்பீஸ் பிடிக்காது, அதற்கு அவரிடம் பழைய செய்தித்தாளும் ஒட்டுகிற டேப்பும் இருக்கிறது. வியாழக்கிழமை பட்டறை கிடையாது. மற்ற நாளில் ஒன்பது மணிக்கு மேல் போனால் ரம்பச் சத்தம் ரோடு வரை கேட்கும். பலகையைத் திருத்தச் சொல்லலாமா என்று ஒரு நாள் வாயெடுத்தேன். “அந்தப் பிழையச் சொல்லித்தான் டீச்சர் எல்லாரும் கடைக்கு வழி சொல்றாங்க” என்றார். விட்டுவிட்டேன்.